சகாயத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள்

1

ஊரில் திருவிழா வருகிறது. போன வாரம் மைனி, அதாவது என் அண்ணன் மனைவி, வாட்ஸாப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். “ஸ்டெல்லா, சகாயம் அண்ணனுக்கு சட்ட அளவு என்ன? இந்த வருசம் ஆம்பிளைகளுக்கெல்லாம் ஒரே நெறத்துல எடுக்கோம்.” கடைசியில் கைகூப்பும் படம் வேறு.

அப்போது நான் மருத்துவமனையில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். படித்ததும் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டேன். கூட வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரப் பெண், வீட்டில் ஏதாவது கெட்ட செய்தியா என்று கேட்டாள். இல்லை, என் வீட்டுக்காரருக்குச் சட்டை அளவு கேட்கிறார்கள் என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன்.

நாகர்கோவில் பக்கம் முட்டத்தை ஒட்டிய கடற்கரை ஊர்க்காரர்கள் இதைப் படித்தால், நான் யாரைச் சொல்கிறேன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்கட்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் ஒரு நர்ஸ். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுக ஊரில் இருக்கிறோம். வீட்டுக்காரர் பெயர் சகாயம். ஒரே மகள், ரியா. என் அண்ணன் பெயர் மிக்கேல். சொந்தமாக விசைப்படகு வைத்திருப்பவன், கோயில் கமிட்டியில் இருப்பவன், நாலு பேர் கூடும் இடத்தில் எழுந்து நின்று பேசத் தெரிந்தவன். என்னைச் சகாயத்துக்குக் கட்டிக்கொடுத்தவன் அவன்தான். அதே சகாயத்தைச் சிரித்தே சாகடிக்கப் பார்த்தவனும் அவன்தான்.

2

சகாயம் ஊரில் படகு எஞ்சின் மெக்கானிக். எல்லோருக்கும் ‘மேஸ்திரி’. துறைமுகத்தில் அவர் ஒரு தடவை நடந்து போனால் வீடு வந்து சேர மதியமாகிவிடும். “மேஸ்திரி, ஒண்ணு பாத்துட்டுப் போவும்” என்று ஆளாளுக்குக் கூப்பிடுவார்கள். வீட்டுக்கு வந்து, “ஒரு எடத்துல நிம்மதியா சாயா குடிக்க விடமாட்டானுவ” என்று சலித்துக்கொள்வார். அந்தச் சலிப்பில் எவ்வளவு சந்தோஷம் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. யாரும் கூப்பிடாத ஊருக்கு வந்த பிறகு.

எனக்கு இங்கே வேலை கிடைத்தபோது அவருக்கு வர மனமில்லை. தள்ளிவிட்டது என் அண்ணன். “ஒரு வருசத்துல சொந்தமா ஒர்க் ஷாப்பு போட்டிருவீரு மாப்ள, வெள்ளக்காரன் ஒம்ம வாசல்ல வந்து நிப்பான்” என்றான். அவரும் நம்பினார்.

வந்து சேர்ந்தபின் கணினி முன்னால் உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பம் போடப் பார்த்தோம். தொழில் படித்த சான்றிதழ் எங்கே என்று கேட்டது. சகாயம் எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, சித்தப்பாவின் கொட்டகையில் கிரீஸும் டீசலுமாகக் கிடந்து படித்தவர். அடுத்து, கடைசியாக வேலை பார்த்த முதலாளியின் பெயரும் மின்னஞ்சலும் வேண்டும் என்றது. “எனக்கு மொதலாளின்னு ஒருத்தன் இருந்ததே இல்லியே. யாரு பேரப் போட?” என்று என்னிடம் கேட்டார். நான் அண்ணன் பெயரைப் போட்டேன். அது செல்லவில்லை.

இங்கே துறைமுகம் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. மீன்பிடிப் படகுகள் கட்டிக் கிடக்கும். சகாயம் கொஞ்ச நாள் அங்கே போய் நின்றார். படகுக்காரர்கள் நல்லவர்கள்தான். டீ கொடுத்தார்கள், வானிலை பேசினார்கள். எஞ்சினில் கை வைக்க மட்டும் விடவில்லை. இன்சூரன்ஸ் ஒத்துக்கொள்ளாது என்றார்கள். அப்புறம் ஒரு பார்சல் கிடங்கில் வேலை கிடைத்தது. பெட்டி தூக்கித் தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டது. வேலை நாட்களைக் குறைத்தார்கள். பிறகு கூப்பிடவேயில்லை.

அவர் வீட்டில் இருந்தார். சமைத்தார், ரியாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவந்தார், என் யூனிஃபார்மைத் துவைத்து இஸ்திரி போட்டார். இதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆரம்பத்தில் அவரும் அப்படி நினைக்கவில்லை. கேவலம் போன் வழியாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீடியோவில் கூப்பிடுவான். எடுத்ததும் முதல் வார்த்தை, “மாப்ள எங்க, அடுக்களையிலயா?” பின்னால் அவன் சேக்காளிகள் சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் குடும்ப வாட்ஸாப் குழுவில் சகாயத்துக்கு ஒரு பெயர் வைத்தான்: வீட்டம்மா. காலையில் ஒரு பூப்படம் போட்டு, “வீட்டம்மா எந்திச்சாச்சா?” என்று கேட்பான். அதன் கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள் விழும். மாமன், மச்சான், ஒன்றுவிட்டது, ரெண்டுவிட்டது, எல்லாம். நான் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, “அண்ணே, அத நிறுத்து” என்றேன். “ஏட்டி, வெளயாட்டுகூட தாங்காதவன் என்ன ஆம்பள?” என்றான்.

சகாயம் சவரம் செய்வதை நிறுத்தினார். கோயிலுக்கு வருவதை நிறுத்தினார். ஊரிலிருக்கும் தன் அம்மாவோடு பேசுவதை நிறுத்தினார். பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார், ஆனால் தூங்கமாட்டார். அதுவரை குடிக்காத நேரத்தில் குடித்தார். ஒருநாள் ரியா சோற்றை ஒதுக்கி வைத்தாள் என்பதற்காகத் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தார். பிறகு அவரே குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். டாக்டரைப் பார்ப்போம் என்று நான் எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறேன். ஒரே பதில்தான்: “எனக்கென்ன கோட்டியா புடிச்சிருக்கு?”

கோட்டி. பைத்தியம். எங்கள் ஊரில் ஆம்பளைக்கு இரண்டே நிலைமைதான். நன்றாக இருப்பான், இல்லையென்றால் கோட்டி. நடுவில் ஒரு சீக்கு இருக்கலாம் என்று சொல்ல ஒரு வார்த்தைகூட நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

3

ஊருக்குப் போய் வந்தால் சரியாகும் என்று நினைத்து, ஒரு திருவிழாவுக்கு மூவரும் போனோம்.

எங்கள் வீட்டில் திருவிழாவுக்கு அண்ணன்தான் எல்லோருக்கும் துணி எடுப்பான். கொடியேற்றத்துக்கு முந்தின நாள் மத்தியானம், சாப்பாடு முடிந்து வீடு நிறைய ஆட்கள். உறவுக்காரர்கள், அண்ணனின் படகில் போகிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள். அண்ணன் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பொட்டலம் கொடுத்தான். ஆண்களுக்குச் சட்டையும் வேட்டியும். கடைசியாக, “நம்ம லண்டன் மாப்ள!” என்றான். நாங்கள் இருப்பது லண்டன் இல்லை, அது வேறு விஷயம். சகாயம் எழுந்து போய் வாங்கினார். “இஞ்சயே பிரியும், அளவு சரியான்னு பாப்போம்” என்றான் அண்ணன்.

பிரித்தார். உள்ளே ஒரு நைட்டி. மஞ்சளில் பெரிய பெரிய பூப்போட்டது.

வீடே சிரித்தது. ஒருவன் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான். என் தாய்மாமன் புரையேறி இருமினார். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். மைனியும் சிரித்தாள். “உடுத்திப் பாரும் மாப்ள, இடுப்புல தைக்கணும்னா தைச்சிரலாம்” என்று அண்ணன் இன்னும் ஏற்றிவிட்டான். நான் உள்ளே ரியாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தபோது, சகாயம் அந்த நைட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவரும் சிரித்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மற்றவர்கள் சிரித்ததைக் கூட ஒரு நாள் மறந்தாலும் மறப்பேன்.

மறுநாள் காலையில் அவர் வீட்டில் இல்லை. கடற்கரைப் பக்கம் போயிருக்கிறார் என்றார்கள். மத்தியானம் திரும்பி வந்தார். இரண்டு கையிலும் முழங்கை வரை கிரீஸ். அருளப்பன் என்று ஒருவர், முட்டம் பாறைக்குக் கீழே வலை பிரித்துக்கொண்டிருந்தவர், இவரைக் கண்டதும், “மேஸ்திரி, எப்ப வந்தீரு? எனக்க எஞ்சின ஒண்ணு பாரும்” என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்விட்டாராம். எனக்கு அந்தக் கிரீஸ் கையைப் பார்த்ததும் அவ்வளவு ஆனந்தம். பழைய சகாயம் வந்துவிட்டார் என்று நினைத்தேன். சோப்பும் வெந்நீரும் நானே எடுத்துக் கொடுத்தேன்.

4

திரும்பி வந்தபிறகு நிலைமை இன்னும் மோசமானது. ஒருநாள் ரியாவின் பள்ளிக்கூடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். டீச்சர் கதவைச் சாத்திவிட்டு மெதுவான குரலில் பேசினார். வகுப்பில் வட்டமாக உட்கார்ந்து அவரவர் வீட்டைப் பற்றிப் பேசும் நேரத்தில் ரியா, “என் அப்பா டிப்ரஸ்ட். அவர் சோபாவிலேயே இருக்கிறார். நான் பள்ளிக்கு வரும்போது அவர் தனியாக இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது” என்று சொல்லியிருக்கிறாள்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வீட்டு விஷயத்தை ஊர் முன்னால் போட்டு உடைக்கிற பிள்ளையை எங்கள் பக்கத்தில் வளர்க்கமாட்டார்கள். வீட்டுக்கு வந்து கை ஓங்கினேன். அவள் ஒதுங்கக்கூட இல்லை. ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னாள்: “அம்மா, அது சீக்கு. ரகசியம் இல்லை.” அவளுக்குத் தமிழ் நழுவிக்கொண்டே போகிறது, ‘ழ’ வராது, ஊரில் யார் என்ன முறை என்று தெரியாது. நான் அதற்காக எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். அன்றைக்கு, எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்ல வராத ஒன்றை, அந்த நழுவிய பிள்ளைதான் சொன்னாள்.

பள்ளிக்கூடம் கவுன்சிலுக்கு, அதாவது குழந்தைகள் நலனையும் கவனிக்கும் உள்ளூர் நிர்வாகத்துக்கு, எழுதியது. கவுன்சிலிலிருந்து ஒரு அம்மாள் வந்து கேள்வி கேட்டாள். குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தில்தான் சகாயம் டாக்டரிடம் வரச் சம்மதித்தார். “ஆங்கிலம் நானே பேசுகேன்” என்றார். டாக்டர் என்ன செய்கிறது என்று கேட்டதும், “ஹார்ட் ஈஸ் வெரி ஹெவி” என்றார். அவ்வளவுதான். உடனே சட்டையைக் கழற்றச் சொல்லி, நெஞ்சில் வயர் ஒட்டி, ஈசிஜி எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, இதயம் நன்றாக வேலை செய்கிறது என்று கைகொடுத்து அனுப்பினார்கள். வெளியே வந்ததும், “கேட்டியா, எனக்கு ஒண்ணும் இல்லியாம்” என்றார் சகாயம். நான் அவரைத் திருப்பி உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

அதற்குப் பிறகு மனநல ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார்கள். தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் போனில் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண், குரலில் அவ்வளவு பணிவு. சகாயம் தலையைக் குனிந்துகொண்டு, “என்ன ஒண்ணுக்கும் கொள்ளாது” என்றார். எங்கள் ஊரில் அதற்கு, நான் எதற்கும் லாயக்கில்லாதவன் என்று அர்த்தம். அந்தப் பெண்ணோ கொள்வது என்றால் வாங்குவது என்று எடுத்துக்கொண்டு, “தன்னால் எதுவும் வாங்க முடியவில்லை என்கிறார்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஆலோசகர் உடனே பணக் கஷ்ட உதவிக்கான தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். நான் குறுக்கே புகுந்து திருத்தினேன். எங்கள் பேச்சு பழக நாளாகும் என்று அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டார்.

மூன்றாவதோ நாலாவதோ தடவை போனபோது, ஆலோசகர் அந்தக் கேள்வியைக் கேட்டார். உயிரை விட்டுவிடலாம் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா? மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் கேட்டார். சகாயம் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, “முட்டத்துல பாறைக்குப் போனேன்” என்றார். “திருவிழாவுக்கு ஊருக்குப் போனப்ப. நைட்டி தந்த மறுநாளு. திரும்பி வரண்டாம்னுதான் போனேன். அருளப்பன் கூப்புட்டான். மேஸ்திரின்னு கூப்புட்டான்.”

 லைன் போய்விட்டதோ என்று ஆலோசகர் பார்த்தார். அப்புறம் அந்தப் பெண்ணின் குரல் வந்தது, ஆங்கிலத்தில் இல்லை, தமிழில்: “அண்ணை, ஒரு நிமிஷம் பொறுங்கோ. நான் சொல்லுறன்.” மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு மொழிபெயர்த்தார்.

நான் வெந்நீர் எடுத்துக் கொடுத்த கை, அந்தச் சோப்பில் கரைந்த கிரீஸ், எல்லாம் என் கண் முன்னால் வந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே நான் ஒரு முடிவு எடுத்தேன். இவர் குணமாகட்டும். அதற்குப் பிறகு என் அண்ணனை, இதே மாதிரி ஆட்கள் நிறைந்த ஒரு வீட்டில், நிற்க வைப்பேன்.

5

குணமாவது மெதுவாக நடந்தது. மருந்து ஒத்துக்கொள்ளாமல் மாற்றினார்கள். குடியை விட்டார், மறுபடி குடித்தார், மறுபடி விட்டார். பக்கத்து ஊர்க் கல்லூரியில் மெக்கானிக்குகளுக்கான வகுப்பில் சேர்ந்தார். மகன் வயசுப் பையன்களோடு உட்கார்ந்து பரீட்சை எழுதினார். இப்போது பஸ் டிப்போவில் உதவி மெக்கானிக். எஞ்சின் எஞ்சின்தான், உப்புக்காற்று அடிக்கவில்லை என்பதுதான் குறை என்பார்.

நான் காத்திருந்தேன். சும்மா இல்லை. அந்த நைட்டி கொடுத்த அன்றைக்கு யார் யார் சிரித்தார்கள் என்பது எனக்கு முகம் முகமாக நினைவிருக்கிறது. அதற்கப்புறம் ஊருக்குப் போனபோதெல்லாம் பெட்டி நிறைய சாக்லேட்டும் சென்டும் கொண்டுபோயிருக்கிறேன். சிரித்தவர்களில் ஒருத்தருக்கும் ஒரு மிட்டாய்கூடக் கொடுத்ததில்லை. அருளப்பன் வீட்டுக்கு மட்டும் ஒரு பை தனியாகப் போகும். தாய்மாமன் ஒரு தடவை வாய்விட்டே கேட்டார், “எனக்கு ஒண்ணும் இல்லியா மக்கா?” “ஒமக்குப் புரையேறும் மாமா” என்றேன். இதெல்லாம் சின்னப் புத்திதான். இருக்கட்டும்.

பிறகு ஒரு நாள் அண்ணனே வழி திறந்துவிட்டான். அவன் மகள் ஷெரின் நர்ஸிங் முடித்து, இங்கிலாந்தில் வேலையும் கிடைத்துவிட்டது. வருவதற்கு முன்னால் கல்யாணம். மாப்பிள்ளை ஜோபின், தக்கலைக்காரன், நாகர்கோவிலில் கட்டட வேலைகளுக்கு சூப்பர்வைசர். டிபெண்டண்ட் விசாவில், அதாவது மனைவியின் வேலையைச் சார்ந்து கிடைக்கும் விசாவில், அவளுக்குப் பின்னால் வருவான். சகாயம் வந்தது போலவே.

அண்ணன் போனில் தேனாக ஒழுகினான். “நிச்சயத்துக்கு நீயும் மாப்ளையும்தான் முன்னால நிக்கணும் மக்கா. அங்க போனா அவளுக்கு ஒங்கள விட்டா யாரு இருக்கா?” நான் உடனே சம்மதித்தேன். அவனுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

6

நிச்சயம் அண்ணன் வீட்டில்தான். அதே ஹால். பங்குச் சாமியார் ஜெபம் செய்துவிட்டுப் போய்விட்டார். பலகாரம், சாயா எல்லாம் போய்க்கொண்டிருந்தது. ஜோபினின் அப்பா தக்கலையில் இரும்புக்கடை வைத்திருப்பவர், அளந்து பேசுகிற மனிதர். அவர் கேட்டார், “பெண்ணுக்கு சோலி உண்டு. பையன் அங்க போய் என்ன செய்வான்? அவனுக்கு ஒரு சோலி கிட்டுமா?”

அண்ணன் ஒரு கையை வீசினான். “அதெல்லாம் ஒரு பிரச்சனையும் இல்ல. எங்க சகாயம் மாப்ள அப்பிடித்தான் போனாரு. ராஜா மாதிரி இருக்காரு. எங்க குடும்பத்துல மருமகன்னா மகன்தான்.”

நான் எழுந்தேன். சகாயம் என் சேலையைப் பிடித்து, “ஸ்டெல்லா, இரி” என்றார். நான் இருக்கவில்லை.

“அண்ணன் சொன்னது பாதி. மீதிய நான் சொல்லுகேன்” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அடுக்களையிலயா என்று கேட்டது. வீட்டம்மா. சிரித்த முகங்கள். நைட்டி, அதன் நிறம், அதிலிருந்த பூ. தொடை தட்டிச் சிரித்தவன் அன்றும் அங்கே மூலையில் அதிரசம் தின்றுகொண்டிருந்தான். “அந்தா இருக்கானே, அவனக் கேளுங்க” என்று கை காட்டினேன். ஜோபினைப் பார்த்துச் சொன்னேன்: “தம்பி, அங்க வந்து மொத வருசம் ஒனக்கும் ஒரு சோலியும் கிட்டாத இருக்கலாம். அது ஒனக்கக் குத்தமில்ல. ஆனா இந்த வீட்டுல இருந்து ஒனக்கும் நைட்டி வரும். அளவ இப்பவே சொல்லிரு.”

ஜோபினின் அம்மா சாயா டம்ளரைக் கீழே வைத்தாள். அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது.

“ஏட்டி, நல்ல காரியத்துல வந்து என்ன பேச்சு பேசுக? வெளயாட்டுக்குச் செஞ்சது. மச்சானுக்கும் மாப்ளைக்கும் இதுகூட இல்லாமலா? அதுல இவருக்கு என்ன கொறஞ்சு போச்சு? நல்லாத்தான இருக்காரு!”

நான் வாயை மூடினேன். அதற்கு மேல் உள்ளது என்னுடையது இல்லை. சொல்லக்கூடாது என்று நான் முன்னமே முடிவு செய்திருந்தேன்.

சகாயம் பேசினார். எழுந்திருக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி, கையிலிருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“கொறஞ்சு போச்சு மச்சான். மறுநாளு காலத்த நான் பாறைக்குப் போனேன். கடலு பாக்கப் போவல்ல. சாவத்தான் போனேன். அருளப்பன் கூப்புடல்லன்னா, நீரு ஒம்ம தங்கச்சிக்கு வெள்ளச்சேல எடுத்திருப்பீரு.”

 எல்லோரும் சகாயத்தைப் பார்த்தார்கள். நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். நிறம் போய், தாடை தொங்கி, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் அது திணறியது. அதைப் பார்க்கத்தான் நான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன். நன்றாகப் பார்த்தேன்.

அவன் பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டான்.

“எந்திரிங்க, போவோம்” என்றாள் ஜோபினின் அம்மா. ஜோபின் அசையவில்லை. “அம்மா, இரி” என்றான். சகாயத்தைப் பார்த்து, “மாமா, பொறவு எப்பிடிச் சரியாச்சு?” என்று கேட்டான்.

“முழுசா சரியாவல்ல தம்பி. மருந்து தின்னேன், இப்பவும் தின்னுகேன். டாக்டர்ட்ட பேசினேன். ஆம்பளைக்குப் பேச வராது, கேட்டியா? அத ஒரு தொழிலு மாதிரி படிக்கணும்.”

நிச்சயம் நின்றுபோகவில்லை. ஜோபின்தான் நிற்கவிடவில்லை. ஆனால் அடுக்களையில் ஷெரின் என்னைப் பிடித்துக்கொண்டாள். கண்மை கன்னமெல்லாம் வழிந்திருந்தது. “மாமி, ஒங்களுக்கு அப்பா மேல கோவம்னா, எனக்க நிச்சயத்தன்னைக்கா பழி வாங்கணும்?” என்றாள்.  அவளுக்குச் செய்ததற்காக எனக்கு வருத்தம் உண்டு. அவள் அப்பாவுக்குச் செய்ததற்கு ஒரு துளிகூட இல்லை.

நாங்கள் வெளியே வந்தபோது, மூலையில் அதிரசம் தின்றவன், தொடை தட்டிச் சிரித்தவன், சந்து முனையில் நின்றான். சண்டைக்கு நிற்கிறான் என்று நினைத்தேன். அவன் சகாயத்திடம் கிட்ட வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, “மேஸ்திரி, அந்த மருந்து இஞ்ச கிட்டுமா?” என்று கேட்டான். மறுநாள் சகாயம் அவனை நாகர்கோவிலுக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அவன் சிரிச்சவன்!” என்றேன்.

“சிரிச்சவனுக்கு நோவு வராதா?” என்றார் சகாயம்.

அவர் அப்படி. நான் இப்படி. அவனுக்கு இன்றுவரை என் கையால் ஒரு மிட்டாய் கிடையாது.

7

அண்ணன் என்னைக் குடும்பக் குழுவிலிருந்து நீக்கினான். கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. ஷெரின் வடக்கே வேறொரு ஊர் மருத்துவமனையில் வந்து சேர்ந்தாள், எங்கள் வீட்டு வாசலை மிதிக்காமலே. ஜோபின் போன குளிர்காலத்தில் வந்தான். கட்டட வேலையில் இவ்வளவு வருஷம் இருந்தவனுக்கு இங்கே சைட்டுக்குள் நுழைய ஒரு அட்டை வேண்டும், அந்த அட்டைக்கு ஒரு பரீட்சை வேண்டும். ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினான். அதுவும் நின்றது.

பனி விழுந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, ஷெரின் கூப்பிட்டாள். என்னை இல்லை, சகாயத்தை. “மாமா, அவரு பேசுகதே இல்ல” என்றாள். சகாயம் அன்றைக்கே ரயில் ஏறினார். அதிலிருந்து விடுமுறை கிடைத்தால் அங்கேதான். ஜோபினை டாக்டரிடம் கூட்டிப்போனதும் அவர்தான். அங்கே என்ன பேசினார்கள் என்று கேட்டால் சொல்லமாட்டார். “ஆம்பளைங்க விசயம்” என்பார், சிரித்துக்கொண்டு. இந்தச் சிரிப்பு வேறு.

இந்த நிலைமையில்தான் மைனி சட்டை அளவு கேட்டாள். நான் பதில் போடவில்லை.

முந்தாநாள் ஞாயிறு, பூசை முடிந்து வந்து மத்தியானச் சமையலில் இருந்தோம். சகாயம் மீன் வறுத்துக்கொண்டிருந்தார். என் போனில் அண்ணன் நம்பர். நிச்சயத்துக்குப் பிறகு முதல் தடவை. எடுத்தேன். 

“ஸ்டெல்லா. ஷெரின் நேத்துதான் எல்லாம் சொன்னா. மருமகனுக்கு ஒறக்கம் இல்லியாம். சோறு தின்னுகது இல்லியாம். எனக்குப் பயமா இருக்கு மக்கா. நேத்துல இருந்து எனக்குக் கண்ணடைக்கல்ல. அவன் எப்பிடி இருக்கான்?”

சபையில் எழுந்து நின்று பேசுகிறவனின் குரல் இல்லை அது. உடைந்து, ஈரமாக இருந்தது. வேறு யாராக இருந்தாலும் இளகியிருப்பார்கள்.

“யாரு எப்பிடி இருக்கான்?” என்றேன்.

“ஜோபினு.”

“இஞ்ச எனக்கு ஒரு ஆளு இருக்காரு அண்ணே. வந்து இத்தன வருசம் ஆச்சு. நீ ஒரு தடவகூட அவரு எப்பிடி இருக்காருன்னு கேட்டதில்ல. மொதல்ல அவரக் கேளு.”

சகாயம் அடுப்பை அணைத்தார். வேண்டாம் என்று என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். நான் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டேன்.

அண்ணன் கேட்டான். தொண்டைக்குள்ளேயே வந்தது. “மாப்ள... எப்பிடி இருக்காரு?”

எனக்கு ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. நான் போனை ஸ்பீக்கரில் போட்டு, சகாயத்தின் பக்கம் நீட்டினேன்.

“கேக்கல்ல அண்ணே” என்றேன். “சத்தமா கேளு.”